குழந்தைகளுக்குப் பொம்மை தைக்கவா? கறுப்புக் கால் மெஷினையே வாங்குங்கள்

வீட்டில் குழந்தை பிறந்ததும் பல பெண்களுக்குத் தைக்கும் ஆசை வந்துவிடுகிறது. எங்கள் தெருவில் அப்படி ஆசை வந்த பெண்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மோட்டார் வச்ச புது மாடல் வாங்கவா, கால் மெஷினே போதுமா அத்தே?" ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துச் சம்பாதிக்கப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. துணிப்பந்து, யானைப் பொம்மை, தவழும் பிள்ளைக்கு விரிப்பு, எச்சில் துணி, பொத்தான் போடப் பழக ஒரு துணி, இவைதான் தைக்கப் போகிறீர்கள் என்றால் நேர்த்தையல் மட்டுமே போடும் கறுப்புக் கால் மெஷினை வாங்குங்கள். ஏன் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இது ஒரு கம்பெனியைப் பற்றிய விமர்சனம் இல்லை. உஷா, சிங்கர், மெரிட், ரீட்டா என்று எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், இரும்பு ஸ்டாண்டு, மரப்பலகை, தோல் பெல்ட், கறுப்பு இரும்புத் தலை உள்ள அந்த வகை முழுவதையும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது அம்மாவின் மெஷின். அம்மா அதில் தெருவுக்கே ஜாக்கெட் தைத்தார். நான் பெரும்பாலும் பேரப் பிள்ளைகளுக்கும், பக்கத்து அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும்தான் தைக்கிறேன்.

முதல் காரணம் வேகம். இந்த மெஷினை நம் இஷ்டத்துக்கு மெதுவாக ஓட்டலாம். சட்டையின் பக்கவாட்டுத் தையல் நேர்க்கோடு, மோட்டாரில் சர்ரென்று போய்விடலாம். பொம்மையில் நேர்க்கோடே கிடையாது. யானைக் காது வளைவு, தும்பிக்கை வளைவு, நான்கு காலுக்கும் நடுவே நான்கு குறுகிய வளைவு. உள்ளங்கையில் அடங்கும் யானை என்றால் தும்பிக்கையின் அகலம் இரண்டு விரல்கூட வராது. அந்த இடத்தில் காலை எடுத்துவிட்டு வலது கையால் சக்கரத்தை உருட்டி ஒவ்வொரு தையலாகப் போட வேண்டும். ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி, துணியைக் கொஞ்சம் திருப்பி, ஃபுட்டை இறக்கி, மறுபடி இரண்டு தையல். கால் மெஷினில் பழகிய கைக்கு இது தானாக வரும். மோட்டார் மெஷினில் பெடலை லேசாகத் தொட்டாலே நான்கைந்து தையல் குதித்துவிடுகிறது. வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதி உள்ள மாடல்கள் விலை கூடுதல்.

இரண்டாவது காரணம் தையலின் இறுக்கம். பொம்மைக்குப் பஞ்சை நன்றாக அடைத்தால்தான் உருவம் நிற்கும். அப்படி அடைக்கும்போது உள்ளிருந்து தையலைத் தள்ளும். தையல் நீளமாக இருந்தால் இரண்டு துணியும் விலகி, இடையில் நூல் ஏணிப்படி மாதிரி தெரியும். அந்த இடைவெளியில் பஞ்சு எட்டிப் பார்க்கும். பல் முளைக்கும் பிள்ளை காதைத்தான் முதலில் வாயில் வைத்து இழுக்கும். அதனால் பொம்மைக்கு மட்டும் தையல் நீளத்தை மாற்றும் நெம்புகோலை மேலே ஏற்றி, ஒரு இஞ்சுக்கு 14 தையல் விழுகிற அளவுக்குத் தையலைச் சிறியதாக்கிக்கொள்கிறேன். அப்புறம் அதே கோட்டின் மேலேயே இன்னொரு வரிசை. கால்களின் இடுக்கிலும் கழுத்திலும் மூன்றாவது வரிசைகூடப் போடலாம். கறுப்பு மெஷின் இந்த மூன்று வரிசையையும் முனகாமல் தாங்கும். மேல் நூலும் கீழ் நூலும் இரண்டு துணிக்கும் நடுவில் பின்னிக்கொண்டு ஒரே சீராக நிற்கும். நூலின் இழுவிசை, அதாவது டென்ஷன், சரியாக இருந்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே தையல்தான் தெரியும்.

தைத்து முடித்ததும் இப்படிச் சோதிப்பேன். பொம்மையைத் திருப்பும் முன், இரண்டு துணியையும் இரண்டு கையால் பிடித்துத் தையலின் குறுக்கே நன்றாக இழுக்க வேண்டும். நூல் தெரிந்தால் தையல் போதாது. திருப்பி, பஞ்சு அடைத்த பிறகு மறுபடி ஒரு முறை இழுக்க வேண்டும். இப்படி இழுத்துப் பார்க்காத பொம்மையை எந்தப் பிள்ளையிடமும் கொடுக்காதீர்கள்.

பழைய தலைகளில் சிலவற்றுக்குப் பின்னோக்கித் தைக்கும் வசதி இருக்காது. அது பெரிய குறையில்லை. முடிக்கும் இடத்தில் துணியை முழுவதுமாகத் திருப்பி, வந்த வழியே அரை இஞ்ச் திரும்பித் தைத்தால் போதும். பஞ்சு அடைப்பதற்கு விடும் வாயின் இரண்டு ஓரத்திலும் இது கட்டாயம். இல்லாவிட்டால் பஞ்சைத் திணிக்கும்போது அங்கிருந்துதான் பிரியும். அந்த வாயை வெளியே தெரியாத தையலில் கையால்தான் மூட வேண்டும், எந்த மெஷினும் அதற்கு உதவாது.

இப்போது மினி மெஷின் பற்றி. குழந்தைத் துணி தைக்கவே செய்தது என்று விளம்பரம் போட்டு, கைக்கு அடக்கமாக, வெள்ளையும் ஊதாவுமாக ஆன்லைனில் விற்கிறார்களே, அது. 1,500-லிருந்து 2,500 ரூபாய் வரை பல பெயர்களில் வருகிறது. என் மகள் ஆசையாக ஒன்று வரவழைத்தாள். கம்பெனிப் பெயர் வேண்டாம். இரண்டு மடிப்பு பாப்லின் வரை ஓடியது. பொம்மையின் காதை உடம்போடு சேர்க்கும் இடத்தில் நான்கு மடிப்பு வரும். அங்கே ஊசி இறங்காமல் நின்று, கீழே நூல் குருவிக்கூடாகச் சுருண்டது. ஃபுட்டின் அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பிளாஸ்டிக் உடம்பு என்பதால் தைக்கத் தைக்க மேசையில் நகர்ந்துகொண்டே போகிறது. திருப்பி அனுப்பக் கேட்டால், பிரித்துப் பயன்படுத்திய பொருள் என்று மறுத்துவிட்டார்கள். கிழிந்த தலையணை உறைக்கு இரண்டு தையல் போட அது பரவாயில்லை. பிள்ளை வாயில் வைக்கிற எதற்கும் அந்தத் தையலை நம்ப மாட்டேன். அந்தப் பணத்துக்கு மேல் கொஞ்சம் சேர்த்தால் நல்ல பழைய கறுப்புத் தலை ஒன்று கிடைக்கும்.

வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல் போடும் வீட்டு மோட்டார் மெஷின் நல்ல மெஷின்தான். கால் மெஷினால் முடியாத சில வேலைகளை அது செய்யும். அதில் முக்கியமானது பனியன் துணி. திருப்பூர் கட்பீஸ் பனியன் துணி எடை போட்டு மலிவாகக் கிடைக்கிறது, பிறந்த பிள்ளைக்கு மெத்தென்று இருக்கும், தொப்பியும் உள்சட்டையும் தைக்க எல்லோருக்கும் ஆசை வரும். நேர்த்தையலில் தைத்தால் தலைக்குள் மாட்டும்போது துணி விரியும், நூல் விரியாது, பட்டென்று அறுந்துவிடும். அதனால் பனியன் துணி எடுக்கிறவர்கள் கால் மெஷினை நம்பக் கூடாது. துணியின் ஓரம் பிரியாமல் காக்கவும் இதில் வழியில்லை. ஓவர்லாக் கடையில் கொடுக்கலாம், அல்லது முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியத் தைத்து, ஓரத்தைக் குறுக்கி வெட்டி, திருப்பி உள்ளே மறுபடி தைத்து ஓரத்தையே உள்ளே மறைக்கலாம். எச்சில் துணிக்கும் சின்னத் தலையணை உறைக்கும் நான் இரண்டாவதையே செய்கிறேன். பிசிறு நூல் பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளும் பயம் அதில் இல்லை.

எந்தத் துணியில் இந்த மெஷின் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பாப்லினும் காடாவும் இதற்குப் பிறந்தவை. 14-ஆம் நம்பர் ஊசி போட்டால் ஒரு தையல்கூட விடாது. மல் துணிக்கு 11 போட வேண்டும். பழைய ஜீன்ஸ் வெட்டி யானை செய்கிறவர்கள் 16-க்கு மாற வேண்டும். பழைய வேட்டித் துணியைப் போல் பிள்ளைக்கு இதமான துணி கடையில் கிடையாது. ஆனால் அது நைந்து மெலிந்திருக்கும், துணியை நகர்த்தும் மெஷின் பல்லு அதைக் கீழே இழுத்துச் சுருட்டும். அடியில் ஒரு பட்டை நியூஸ் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுத்தால் சுருக்கம் விழாது. டவல் துணி தைத்தால் பல்லுக்கு அடியில் தூசு அடைந்துவிடும், ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்றிப் பிரஷ் போட வேண்டும். அடர்ந்த ரோமத் துணி இதில் வேண்டவே வேண்டாம். ஃபுட் அந்த உயரத்துக்கு எழாது, உதிரும் ரோமமும் பிள்ளைக்கு ஆகாது.

மதுரைக்காரி என்பதால் யானைக்கு மேல் துணியாகச் சுங்குடிதான் எனக்குப் பிடிக்கும். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி அது. அந்தச் சின்னப் புள்ளிகள் யானை முதுகில் அவ்வளவு அழகாக உட்காரும். ஆனால் அடர்ந்த சிவப்பும் கருநீலமும் சாயம் விடலாம். பிள்ளை சப்பப் போகிற பொருள். ஆகவே உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். எந்தப் பருத்தித் துணியையும் அலசாமல் வெட்டினால் முதல் சலவையிலேயே சுருங்கிப் பொம்மை கோணிக்கொள்ளும். மாதிரி வெட்ட அட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம், கல்யாணப் பத்திரிகை அட்டை இருக்கிறதே. வளைவில் சாக்பீஸ் வழுக்காமல் ஓட அதன் கனம் சரியாக இருக்கிறது.

உள்ளே அடைக்கும் பஞ்சைப் பற்றி இரண்டு வார்த்தை. போடி பக்கத்து இலவம்பஞ்சு தலையணைக்கு அருமை, ஆனால் பொம்மைக்கு எடுக்காதீர்கள். பொம்மையை வாரம் ஒருமுறை துவைக்க வேண்டியிருக்கும். இலவம்பஞ்சு நனைந்தால் கட்டி தட்டிப்போகும். கடையில் ரெக்ரான் பஞ்சு என்று கேளுங்கள், செயற்கை இழைதான், துவைத்துப் பிழிந்தாலும் மறுபடி எழும்பும். பழைய துணித்துண்டுகளை அடைத்தால் கனமாகிவிடும், உள்ளே ஈரம் தங்கி நாற்றம் வரும். தெர்மக்கோல் மணிகளை மட்டும் கையால்கூடத் தொடாதீர்கள். ஒரு தையல் விட்டால் போதும், அது பிள்ளையின் மூக்குக்குள் போய்விடும்.

மெஷினோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஊசியின் ஆபத்து. தடித்த இடத்தில் ஊசி உடைவது சகஜம். பெரிய தையல்காரருக்கு அது ஒரு நிமிட வேலை, ஊசியை மாற்றிவிட்டு ஓட்டுவார். பொம்மை தைக்கும் நமக்கு அப்படி இல்லை. உடைந்த நுனி துணி மடிப்புக்குள் இருந்தால்? திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகளில், ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிக் கணக்குக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். கடைசியில் ஊசி கண்டறியும் மெஷினுக்குள்ளும் துணியை அனுப்புவார்கள். வீட்டில் அந்த மெஷின் இல்லை, ஆனால் அந்த ஒழுங்கை நாமும் பிடித்துக்கொள்ளலாம். உடைந்த ஊசியின் துண்டுகளைப் பொருத்திப் பார்த்து முழு ஊசி கிடைத்தால் மட்டுமே அந்தப் பொம்மையைத் தொடர்வேன். கிடைக்காவிட்டால் காந்தம் வைத்துத் தேடுவேன், அப்படியும் இல்லையென்றால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். இதே காரணத்தால் குண்டூசி குத்தித் துணியைப் பிடிப்பதில்லை. கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுவிட்டு, மெஷின் தையல் முடிந்ததும் உருவிவிடுவேன்.

எண்ணெய் விஷயத்திலும் கவனம் வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் என்று கேட்டு வாங்கிய நிறமில்லாத எண்ணெய் மட்டும் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் சில நாளில் பிசினாக இறுகி மெஷினையே பிடித்துக்கொள்ளும். எண்ணெய் விட்ட அன்று ஊசியைப் பிடித்திருக்கும் ஊசித் தண்டிலிருந்து கசியும், அன்றைக்குப் பொம்மை வேண்டாம். பழைய துணியில் ஓட்டிவிட்டு மறுநாள் தைக்கலாம்.

கால் மெஷினின் உண்மையான குறை ஒன்று இருக்கிறது. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் கீழே சக்கரமும் பெல்ட்டும் திறந்து கிடக்கின்றன. பெடலைத் தள்ளி ஆட்டப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பெரியவன் பெடலை ஆட்ட, சின்னவள் சக்கரத்தில் விரல் வைத்தால் என்ன ஆகும்? தைத்து முடித்ததும் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிடுங்கள், ஊசியைக் கழற்றிவிடுங்கள், கத்தரியைப் பலகை மேல் விடாதீர்கள். இந்த மூன்றையும் தினம் செய்ய மனமில்லை என்றால், மூடி வைத்துப் பரணில் ஏற்றிவிடக்கூடிய மோட்டார் மெஷினே உங்கள் வீட்டுக்கு நல்லது. மற்றபடி இடம் அடைக்கும், மாடி வீட்டுக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். பழகாதவர்களுக்குச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூல் அறும். கையால் சக்கரத்தை நம் பக்கமாகத் தள்ளிவிட்டு மிதித்தால் சில நாளில் கால் பழகிவிடும்.

இதில் என்ன தைக்கலாம், எதைத் தைக்கக் கூடாது? பொத்தான் பழகும் துணி எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. இரண்டு பட்டைக் காடாத் துணி, ஒன்றில் பெரிய பொத்தான்கள், இன்னொன்றில் காஜா. மூன்று வயதுக்கு மேல் பிள்ளைகள் அதைப் பூட்டிப் பூட்டிக் கழற்றுவார்கள். குழந்தைக் கல்வி முறை ஒன்றை வகுத்த மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தார். பொத்தான், நாடா, கொக்கி என்று ஒவ்வொன்றுக்கும் தனி மரச்சட்டம் வைத்துப் பழக்குவது அவர் முறையில் உண்டு. அதைத் துணியாக மடித்துப் பைக்குள் வைக்கும்படி செய்கிறோம், அவ்வளவுதான். காஜாவைக் கையால் போட வேண்டும், கால் மெஷினில் அது வராது. எங்கள் அங்கன்வாடியில் ஒரு பெண் பிள்ளை முதல் முறையாகக் கடைசிப் பொத்தானையும் மாட்டிவிட்டு, துணியை எல்லோர் முகத்துக்கு நேராகவும் நீட்டிக் காட்டியதைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கான பொம்மையில் பொத்தானோ மணியோ கண்ணாக வேண்டாம், நூலால் நிரப்பித் தைத்த கண்தான். தொண்டையில் சிக்கும் அளவைப் பார்க்கப் பொம்மைச் சோதனையில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், அதன் வாய் 31.7 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அந்த நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பொருள்கூட அந்தக் குழாய்க்குள் போகும் என்றால், நாம் தைக்கும் சட்டைப் பொத்தானெல்லாம் எம்மாத்திரம்! நாடா ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாகவே இருக்கட்டும்.

தொட்டில் கம்பியைச் சுற்றிக் கட்டும் மெத்தைப் பட்டை தைத்துத் தரும்படி கேட்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் நான் தைப்பதில்லை. குழந்தை முகம் அதில் பதிந்து மூச்சு முட்டும் ஆபத்து உண்டு என்பதால் அமெரிக்காவில் 2022-இல் சட்டம் போட்டே அதன் விற்பனையை நிறுத்தினார்கள். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் இடத்தில் தலையணையும் பொம்மையும்கூட வேண்டாம். விளையாடும்போது கொடுத்துவிட்டு, தூங்கியதும் எடுத்துவிட வேண்டும்.

தைத்து விற்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரு சொல். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அரசிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்.

வாங்குகிற விஷயம். நான் விசாரித்த வரை ஸ்டாண்டோடு புது மெஷின் 7,000 முதல் 10,000 ரூபாய்க்குள் முடிகிறது. பழையது வாங்கினால் தலையைத்தான் பார்க்க வேண்டும், ஸ்டாண்டு துருவைத் தேய்த்துவிடலாம். பெல்ட் இல்லாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், எங்கும் இடறாமல் சுற்ற வேண்டும். ஊசித் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. நான்கு மடிப்புத் துணியைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே தைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏழைப் பெண்களுக்கும், கணவரை இழந்தவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது, மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்கலாம்.

உதிரிப் பாகத்துக்கு இந்த மெஷினைப் போல் கவலையில்லாதது வேறில்லை. பாபின், பாபின் கேஸ், பெல்ட் எல்லாம் எந்த ஊர்த் தையல் சாமான் கடையிலும் உண்டு. மதுரையில் எழுகடல் தெருப் பக்கம் போனால் போதும். மீனாட்சி அம்மன் கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்துத் தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். சித்திரைத் திருவிழா வேடத்துணியும் சாமிக்குத் தொங்கவிடும் தொம்பை என்ற துணிக்குழலும் தைக்கும் அந்தக் கைகளிடம் கேட்டால், நல்ல மெஷின் மெக்கானிக் யார் என்று சொல்வார்கள். எனக்கு மெக்கானிக் கிடைத்ததும் அப்படித்தான். ஊசி வாங்கப் போகும்போது மட்டும் பழைய ஊசியை மாதிரிக்கு எடுத்துப் போங்கள். ஊசியின் மேல்பாகம் முழு வட்டமா, ஒரு பக்கம் தட்டையா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும்.